மீன் முள் குத்திய கை: ஞாயிறு காலையிலேயே தெரிந்துகொண்டிருக்க முடியுமா?

மல்லிகை_ஜூரோங் | இரவு 11:20

வணக்கம். அப்பாவைப் பற்றி எழுதுகிறேன். இப்போது வீட்டில் இருக்கிறார், ஒலி 968 வானொலி கேட்கிறார், உப்பு போதவில்லை என்று குறை சொல்கிறார். அதனால்தான் இதைக் கேட்கும் தெம்பு எனக்கு வந்திருக்கிறது.

அப்பாவுக்கு 68 வயது. 17 வருடமாக நீரிழிவு. ஒரு சனிக்கிழமை காலை தேக்கா சந்தைக்குப் போய் இக்கான் மேரா வாங்கி வந்தார். மீன் தலைக்கறி அவர் கையால்தான் வைக்க வேண்டும், வேறு யாரையும் விடமாட்டார். கழுவும்போது முதுகு முள் வலது கட்டைவிரலின் அடிச்சதையில் ஏறிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம். குழாயில் கழுவி, மஞ்சள் வைத்துக்கொண்டு சமையலை முடித்தார். எல்லாரும் சாப்பிட்டோம்.

இரவு 9 மணிக்குக் கை கடுக்கிறது என்றார். விடியற்காலை 3 மணிக்கு நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது கூடத்தில் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார். "முழங்கை வரைக்கும் இழுக்குதும்மா" என்றார். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கட்டைவிரலடியில் 50 காசு அளவுக்குச் சிவப்பு, அவ்வளவுதான். முன்கைத் தோல் எப்போதும் போலவே இருந்தது. இரண்டு பனடோல் (பாராசிட்டமால்) கொடுத்தேன். காலை 8 மணிக்கு இன்னும் இரண்டு.

9 மணிக்கு புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்குக்குப் போனோம். உடல் சூடு 37.2. வலி எப்படி என்று டாக்டர் கேட்டார். இரவெல்லாம் தூங்காத மனிதர், சட்டையை மாற்றி, தலைவாரிக்கொண்டு வந்தவர், "கொஞ்சம்தான் டாக்டர், பரவாயில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். தோலில் கிருமித் தொற்று என்று சொல்லி, ஆன்டிபயாடிக் மாத்திரையும் வலி மாத்திரையும் கொடுத்து, மூன்று நாளில் திரும்ப வரச் சொன்னார். டாக்டர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் முன்னால் இருந்தது அந்தச் சின்னச் சிவப்பும் சிரித்த முகமும்தான்.

அன்று மாலை புறங்கை வீங்கிப் பளபளவென்று இறுகியிருந்தது. இரவு 11 மணிக்கு அப்பா, "வலி விட்டுடுச்சும்மா, மரத்த மாதிரி இருக்கு" என்றார். மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்து நான் படுத்துத் தூங்கிவிட்டேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

2 மணிக்கு வாந்தி எடுத்தார். என்னை இறந்துபோன அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். புறங்கையில் ஊதா நிறத்தில் ஒரு கொப்புளம். 995ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வரவழைத்தேன். 6 மணிக்கு அறுவைச் சிகிச்சை அறையில் இருந்தார். மூன்று அறுவைச் சிகிச்சைகள். கட்டைவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. தொடையிலிருந்து எடுத்த தோலை முன்கையில் ஒட்டியிருக்கிறார்கள். 38 நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். நோயின் பெயரை "நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ்" என்றார்கள், தோலுக்கடியில் திசுவை அழிக்கும் கிருமித் தொற்றாம்.

யார் மேலும் பழி போடக் கேட்கவில்லை. அந்த ஞாயிறு காலையில் அவர் உடம்பில் ஏதாவது ஓர் அறிகுறி இருந்ததா? டாக்டரிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எனக்கும் சர்க்கரை இருக்கிறது, தம்பிக்கும் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செங்காந்தள் | காலை 6:05

தங்கச்சி, அப்பா உப்பு போதலன்னு குறை சொல்றார்னு படிச்சதும்தான் எனக்கு மூச்சு வந்தது. நான் 29 வருஷம் அறுவைச் சிகிச்சை வார்டுகள்ல தாதியா இருந்து ஓய்வு பெற்றவ. டாக்டர் இல்ல. ஆனா இந்த நோயோட வந்தவங்களைப் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன், சிலரை இழந்தும் இருக்கேன்.

நேரா பதில் சொல்லிடறேன். அறிகுறி இருந்தது. விடியற்காலை 3 மணிக்கு உங்க கூடத்துலயே இருந்தது. சிவப்பு 50 காசு அளவு, வலி முழங்கை வரைக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருந்த தூரம்தான் அது.

ஏன்னு சொல்றேன். நம்ம தசை மேல ஒரு உறை போர்த்தியிருக்கு, அதைத்தான் ஃபேசியான்னு சொல்வாங்க. கிருமி அந்த உறை வழியா, தோலுக்கு அடியில பரவுது. மேல இருக்கற தோலுக்கு ஆரம்பத்துல ஒண்ணும் ஆகறதில்ல. அந்த உறையைத் தாண்டி வர்ற சின்ன ரத்தக் குழாய்கள் அடைச்சுக்கிட்ட பிறகுதான் தோல் ரத்தமில்லாம ஊதாவாகுது, கொப்புளம் வருது, கறுத்துப்போகுது. அதாவது தோல்ல கண்ணுக்குத் தெரியும்போது உள்ள ரொம்ப தூரம் போயிருக்கும். ஆரம்பத்துல வெளிய தெரியறது வலி மட்டும்தான். புண்ணுக்குப் பொருந்தாத வலி. சிவப்பே இல்லாத இடத்தை அழுத்தினாலும் அலறுவாங்க.

அப்புறம் 11 மணிக்கு வலி விட்டுதுன்னு சொன்னாரே. அது மாத்திரை இல்லம்மா. வலியைக் கொண்டுபோற நரம்பும் சேர்ந்து செத்துப்போச்சு. வீக்கம் கூடிக்கிட்டே இருக்கும்போது வலி மட்டும் அடங்கி மரத்துப்போனா, அதைவிட அவசரம் வேற இல்ல. நீ தூங்கினதை நினைச்சு உன்னையே தின்னுக்காத. வலி போச்சுன்னா நிம்மதியாத் தூங்கறதுதான் மனுஷ இயல்பு. இதை உனக்கு யாரும் சொல்லித் தரல.

நீ மட்டும் தவறவிட்டதா நினைக்காதே. நம்ம சிங்கப்பூர்லயே செஞ்சு 2003ல வெளிவந்த ஆய்வு ஒண்ணு இருக்கு. இந்த நோய் வந்த 89 பேரோட பதிவைப் பார்த்தாங்க. மருத்துவமனையில சேர்க்கும்போதே சரியாக் கண்டுபிடிச்சது 13 பேருக்கு மட்டும்தான். அந்த 89 பேர்ல 63 பேருக்கு நீரிழிவு. அறுவைச் சிகிச்சை 24 மணி நேரத்துக்கு மேல தள்ளிப்போனா இறப்பு கூடுதுங்கறதையும் அதுலதான் காட்டினாங்க. தினமும் நோயாளிகளைப் பார்க்கற இடத்துலயே அந்த நிலைமைன்னா, 50 காசு சிவப்பைப் பார்த்து வீட்ல இருக்கற நாம என்ன கண்டுபிடிச்சிருக்க முடியும்?

அடுத்த வருஷம், 2004ல, அதே குழு ரத்தப் பரிசோதனையை வச்சு ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தாங்க. லிரினெக்னு பேரு. சிஆர்பி (உடம்புல அழற்சியைக் காட்டற புரதம்), வெள்ளணு, ஹீமோகுளோபின், சோடியம், கிரியேட்டினின், சர்க்கரைன்னு ஆறு பரிசோதனை, எல்லாம் சாதாரணமா எடுக்கறதுதான். சிஆர்பி லிட்டருக்கு 150 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ இருந்தா 4 புள்ளி, சோடியம் 135க்குக் கீழன்னா 2, சர்க்கரை 10க்கு மேலன்னா 1, இப்படிப் போகும். மொத்தம் 13ல 6 வந்தாலே சந்தேகப்படணும், 8 வந்தா ரொம்ப. உலகம் முழுக்க இப்ப இதைச் சொல்றாங்க, எனக்கு அதுல பெருமைதான். ஆனா ஒண்ணு, புள்ளி குறைவா வந்துட்டா நோய் இல்லன்னு ஆகாது. 6க்குக் கீழ இருந்தும் இந்த நோய் இருந்தவங்க நிறையப் பேர். சிடி ஸ்கேன்ல வாயு தெரிஞ்சா உறுதியாச் சொல்லலாம், ஆனா எல்லாருக்கும் வாயு தெரியாது. எம்ஆர்ஐக்காகக் காத்திருக்கற நேரத்துல கை போயிடும். சந்தேகம் வலுவா இருந்தா சர்ஜன் சின்னதாக் கீறி உள்ள பார்ப்பார். நல்ல திசு கெட்டியாப் பிடிச்சிருக்கும், கீறினா ரத்தம் வரும். இதுல விரலை விட்டா தடையே இல்லாம உரிஞ்சுகிட்டுப் போகும், ரத்தத்துக்குப் பதிலா பாத்திரம் கழுவின தண்ணி மாதிரிக் கலங்கலா வரும். அதுக்கு மேல வேற நிரூபணம் வேண்டாம்.

சரி, டாக்டர்கிட்ட என்ன சொல்லியிருக்கணும்னு கேட்டியே. முள் குத்தினது மீன் முள்னு அப்பா சொன்னாரா? இல்ல "குத்திடுச்சு"ன்னு மட்டும் சொன்னாரா? அதுல நிறைய இருக்கு. கடல் மீன், இறால், நண்டு குத்தின இடத்துல விப்ரியோ வல்னிஃபிகஸ்னு ஒரு கிருமி போகலாம். ஏரோமோனாஸ்னு இன்னொண்ணு, அது நன்னீர்லயும் இருக்கும். ரெண்டும் மணிக்கணக்குல பரவக்கூடியது. ஈரல் நோய் இருக்கறவங்களும் சர்க்கரை இருக்கறவங்களும் கூடுதல் கவனமா இருக்கணும். சாதாரணத் தோல் தொற்றுக்குக் கொடுக்கற மாத்திரை இந்தக் கிருமிகளுக்கு ஒத்துவராமப் போகலாம். அதனால மீன் முள்ளு, எத்தனை மணிக்குக் குத்துச்சு, சர்க்கரை இருக்கு, இது மூணும் வாயில முதல்ல வரணும்: மீன், மணி, சர்க்கரை.

அடுத்தது பனடோல். கொடுத்தது தப்பில்ல. ஆனா 8 மணிக்குக் குடிச்சிட்டு 9 மணிக்குப் போனா காய்ச்சல் தெரியாது. "ராத்திரியிலிருந்து நாலு மாத்திரை போட்டிருக்கார், அதுக்கு மேலயும் தூங்கல"ன்னு சொன்னா, அந்த 37.2க்கு அர்த்தமே மாறிடும்.

---

அரசமரம்77 | காலை 9:48

அக்கா சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் ஒரு மறுபக்கமும் இருக்கிறது. என் மாமனாருக்கு வருடத்தில் இரண்டு முறையாவது காலில் செல்லுலைட்டிஸ் என்ற தோல் தொற்று வரும். கால் சிவக்கும், வீங்கும், வலிக்கும். மாத்திரை கொடுத்தால் ஒரு வாரத்தில் அடங்கும். இப்படி எழுதினால் நாளையிலிருந்து என் மாமியார் ஒவ்வொரு கொசுக்கடிக்கும் அவசரப் பிரிவுக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஏற்கனவே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். எதற்குப் போவது, எதற்கு வீட்டிலிருப்பது என்று பிரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

துவாஸ்_கதிர் | மதியம் 1:15

சாப்பாட்டு நேரத்துல எழுதுறேன், பிழை இருந்தா மன்னிக்கணும். நான் துவாஸ் பக்கம் ஒரு சைட்ல பாதுகாப்பு மேற்பார்வை. ஊரு பட்டுக்கோட்டைக்குப் பக்கம். விடுதியில 12 பேர் ஒரே அறை.

மல்லிகை அக்கா சொன்ன "கொஞ்சம்தான் டாக்டர்" என் மனசுல தைச்சிருச்சு. எங்க பசங்க அத்தனை பேரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஒரு நாள் சம்பளம் போகுமேன்னு பயம், வேலையிலேர்ந்து அனுப்பிருவாங்களோன்னு பயம், அதோட இங்கிலீஷ்ல வலிக்கு அவனுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு வார்த்தை. தமிழ்ல அவன்கிட்ட எத்தனை இருக்கு! கடுக்குது, குத்துது, எரியுது, குடையுது, சுண்டி இழுக்குது, விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. அத்தனையும் டாக்டர் அறைக்குள்ள போனதும் "பெயின்"னு ஒத்தை வார்த்தையா சுருங்கிடுது.

போன வருஷம் என் அறையில ஒரு தம்பி, 26 வயசு, சர்க்கரை கிர்க்கரை ஒண்ணும் கிடையாது. கம்பி கட்டுற வயர் முழங்காலுக்குக் கீழ கீறிருச்சு. பிளாஸ்டர் ஒட்டிட்டு வேலை செஞ்சான். மறுநாள் சாயங்காலம் படுக்கையில சுருண்டு கிடந்தான். காலைப் பார்த்தா லேசா சிவந்து வீங்கியிருக்கு, பெருசா ஒண்ணும் தெரியல. "எப்பிடிடா வலிக்குது"ன்னு கேட்டேன். "அண்ணே, காலுக்குள்ள யாரோ கயிறு போட்டு முறுக்குற மாதிரி இருக்குண்ணே, போர்வை பட்டாக்கூடத் தாங்கல"ன்னான். வலிக்கு வாயே திறக்காத பய. எனக்குப் பயம் வந்துருச்சு.

கிளினிக்குக்கு நானே கூடப் போனேன். டாக்டர் கேட்டப்ப அவன் அதே "கொஞ்சம்"தான் சொன்னான். நான் குறுக்கிட்டு, அவன் சொன்ன கயிறையும் போர்வையையும் அப்படியே எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன். இந்தப் பையன் ஒரு தடவை கால்ல ஆணி ஏறினப்பகூடக் கத்தலன்னும் சொன்னேன். டாக்டர் முகம் மாறிருச்சு. சிவப்பு இருந்த இடத்துலேர்ந்து ஒரு சாண் மேல, நல்லா இருந்த தொடையில விரலை வச்சு அழுத்தினாரு. பய அலறிட்டான். உடனே ஆம்புலன்ஸ் கூப்பிட்டாங்க, அன்னைக்கு ராத்திரியே ஆப்பரேஷன். இப்ப நடக்குறான், கால்ல ஒரு நீளத் தழும்பு மட்டும்.

நோயாளியோட கூடப் போறவங்க வெளிய உக்காந்து போன் பார்க்கக் கூடாது. உள்ள போகணும். அவர் மறைக்கிறதை நாம சொல்லணும்.

---

செங்காந்தள் | மாலை 4:30

கதிர் தம்பி, 29 வருஷ வேலையில எனக்கு யாரும் இதைவிடத் தெளிவாச் சொன்னதில்ல. போர்வை பட்டாத் தாங்கலங்கற ஒரு வாக்கியத்துக்கு ரத்தப் பரிசோதனை அளவுக்கு மதிப்பு இருக்கு.

அரசமரம் தம்பி கேட்டதும் நியாயம். இந்த நோய் அபூர்வம்தான், சிவந்த கால்ல பெரும்பாலானது செல்லுலைட்டிஸ்தான், மாத்திரையில ஆறும். மாமியாரைப் பயமுறுத்த வேண்டாம். உங்க மாமனாரோட கால் நாள் கணக்குல சிவக்குது, இல்லையா? சிவப்பு எங்க இருக்கோ வலியும் அங்கதான் இருக்கும். தொட்டா சூடா, மெத்துன்னு இருக்கும். ஆள் சாப்பிடுவார், பேசுவார். மாத்திரை ஆரம்பிச்ச முதல் நாள் சிவப்பு கொஞ்சம் கூடினாலும் கூடலாம், அதுக்காக ஓட வேண்டியதில்ல.

நான் பயப்படறது மணிக்கணக்குல மாறுறதுக்கு. வார்டுல நான் ரெண்டு கோடு போடுவேன். சிவப்போட ஓரத்துல பேனாவால ஒண்ணு, அழுத்தினா வலிக்கிற எல்லையில இன்னொண்ணு, பக்கத்துல மணி. வீட்ல நீங்களும் செய்யலாம், போன்ல ஒரு படமும் எடுத்து வைங்க. வலிக் கோடு சிவப்புக் கோட்டைத் தாண்டி ரொம்ப தூரம் போயிருந்தா அப்பவே கிளம்பணும். இல்ல ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல கோட்டைத் தாண்டி ஓடுது, வீக்கம் மரக்கட்டை மாதிரி இறுகுது, சிவப்பு ஊதாவோ சாம்பலோ ஆகுது, கொப்புளம் வருது, ஆள் தடுமாறிப் பேசறார், வாந்தி எடுக்கறார், மூச்சு வாங்குது, இதுல எது வந்தாலும் பாலிகிளினிக் திறக்கட்டும்னு உக்காராதீங்க. 995தான். தோலுக்கடியில நொறுநொறுன்னு காத்து நெருடும்னு நிறையப் பேர் எழுதியிருப்பாங்க, அது சிலருக்கு மட்டும்தான் வரும், வந்தாலும் பிந்தித்தான் வரும். அதுக்காகக் காத்திருந்து நான் பார்த்த ஒருத்தர் பிழைக்கல.

சர்க்கரை ரொம்ப வருஷமா இருந்து கால் ஏற்கனவே மரத்துப்போனவங்க விஷயம் வேற. அவங்களுக்கு இந்த வலியே தெரியாமப் போகலாம். அவங்க வலியை நம்பக் கூடாது. வீக்கத்தையும், திடீர்னு ஏறுற சர்க்கரையையும், ஆள் சோர்ந்துபோறதையும் பார்க்கணும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தொடை இடுக்கு, பிறப்புறுப்பைச் சுத்தியும் இதே நோய் வரும், ஃபோர்னியர்னு பேர். அங்க வலின்னா வெட்கப்பட்டு மறைக்கிறாங்க. 2018ல அமெரிக்க மருந்து ஆணையம் குறிப்பிட்ட ஒரு வகைச் சர்க்கரை மாத்திரைக்கு, எஸ்ஜிஎல்டி2 வகை, இதைப் பத்தி எச்சரிக்கை சேர்த்தது. அபூர்வம்தான். மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, அது இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யுது. அந்த இடத்துல வலியோ வீக்கமோ வந்தா மறைக்காமச் சொல்லுங்க, அது போதும்.

---

அரசமரம்77 | மாலை 5:12

இரண்டு கோடு விஷயம் தெளிவாகப் புரிந்தது, நன்றி அக்கா. மாமனாரின் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், நீங்கள் சொன்ன வகை ஒன்று இருக்கிறது. அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேட்கிறேன்.

---

மல்லிகை_ஜூரோங் | இரவு 10:02

எல்லாருக்கும் நன்றி. மூன்று முறை படித்தேன். பிறகு அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

மீன் முள் என்று டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கையில ஒண்ணு குத்திடுச்சுன்னுதான் சொன்னேன்மா. மீன் கழுவத் தெரியாதவன்னு நினைப்பாரேன்னு இருந்துச்சு" என்றார். நானும் உள்ளே அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ராத்திரியெல்லாம் நடந்தாரே என்று நான் சொல்லியிருக்கலாம். அப்பா பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்தவள் நான். கதிர் தம்பி குறுக்கே பேசியிருக்கிறார்.

தம்பிக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மீன், மணி, சர்க்கரை என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மீன் கழுவத் தடித்த கையுறை இரண்டு ஜோடி வாங்கியாயிற்று. அடுத்த தலைக்கறியை நான்தான் வைக்கப்போகிறேன், அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லித் தருவாராம்.

அக்கா, ஒன்று மட்டும் கேட்க வேண்டும். தோல் ஒட்டிய இடத்தைத் தொட்டால் அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. மரத்துப்போனால் ஆபத்து என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

---

செங்காந்தள் | இரவு 10:40

பயப்படாதேம்மா, அது வேற இது வேற. ஒட்டின தோல்ல ஆரம்பத்துல உணர்ச்சி இருக்காது. மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா வரும், முழுசா வராமலும் போகலாம். சுத்தி இருக்கற நல்ல தோல்ல புதுசா சிவப்போ வலியோ வீக்கமோ இல்லாம, அந்த இடம் வறண்டு, ஒரே நிறமா இருந்தா சரி. தினமும் ஒரே வெளிச்சத்துல பாரு. மருத்துவமனையில சொன்ன களிம்பை விடாமத் தடவு, வெயில்ல மூடி வை. அடுத்த சந்திப்புல அவங்ககிட்டயும் தொட்டுக் காட்டு.

உணர்ச்சி வர்ற வரைக்கும் அவருக்குச் சூடு தெரியாது. காபி டம்ளரை அந்தக் கைப் பக்கம் வைக்காதே. குளிக்கற தண்ணிய இடது கையால தொட்டுப் பார்த்துட்டு ஊத்திக்கச் சொல்லு.